வேலைக்கும் போய்க்கொண்டு புத்தகம், படம், கச்சேரி, கூத்து: சாதாரண வாரத்துக்குள் இதையெல்லாம் நுழைப்பது எப்படி?

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை. ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, பையனுக்கும் பள்ளி விடுமுறை என்பதால் அவனையும் கிளப்பிக்கொண்டு, தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி, வெயிலில் பாந்தியன் சாலை வரைக்கும் நடந்துபோய் நின்றால் அருங்காட்சியகத்தின் கேட் சாத்தியிருக்கிறது. "வெள்ளிக்கிழமை லீவு சார், போர்டுல போட்டிருக்கே" என்றார் காவலாளி. போட்டுத்தான் இருந்தது. பையன் என்னை ஒரு பார்வை பார்த்தான். ஆளுக்கொரு கரும்புச்சாறு குடித்துவிட்டு அடுத்த ரயிலில் வீடு திரும்பினோம். மறுபடி அங்கே போக ஒன்றரை வருஷம் ஆனது.

அந்த ஒன்றரை வருஷமும் எனக்கு நேரமே கிடைக்கவில்லையா என்றால், பொய் சொல்லக்கூடாது, கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி நேரம் போனைத் தேய்த்துக்கொண்டு கிடந்தேன். பணமும் ஒரு காரணம் இல்லை, கீழே சொல்லப்போகும் பாதி விஷயத்துக்குக் காசே வேண்டாம். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த ரயில் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாததுதான் தப்பு. "நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம்" என்று நாம் தள்ளிவைத்த எதுவும் நடந்ததாக எனக்கு நினைவில்லை. நான் சென்னைப் புறநகர்க்காரன், அதனால் உதாரணமெல்லாம் இந்தப் பக்கமாகவே வரும். உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

1. முதலில் காலண்டரில் எழுதுங்கள்

போன் காலண்டர் வேண்டாம். மளிகைக் கடையில் இலவசமாகக் கொடுக்கும் மாதக் காலண்டர் இருக்கிறதே, சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்குவது, அதில்தான் எழுத வேண்டும். பால் கணக்கும் கேஸ் சிலிண்டர் தேதியும் எழுதும் அதே இடத்தில் "சனி, 4 மணி, நூலகம்" என்று எழுதினால்தான் வீட்டில் எல்லார் கண்ணிலும் படும்.

அதோடு விடுமுறை நாள்களையும் ஓரமாகக் குறித்துவிடுங்கள், நான் பட்டது போதும். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி. முட்டுக்காடு தட்சிணசித்ரா கலாசார அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய். பல கிளை நூலகங்களுக்கும் வெள்ளிதான் விடுமுறை, ஆனாலும் உங்கள் கிளையில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

வருஷத்துக்கும் ஒரு குத்துமதிப்பான கணக்கு வைத்துக்கொள்ளலாம். பொங்கலை ஒட்டி சென்னைப் புத்தகக் காட்சி. பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் வடமாவட்டங்களில் கூத்து. ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா. மார்கழியில் கச்சேரி, அதே டிசம்பரில் சர்வதேசத் திரைப்பட விழாவும் வந்து குறுக்கே நிற்கும், எதையாவது ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். எல்லாவற்றுக்கும் போகவேண்டும் என்று கிளம்புகிறவர்கள் இரண்டாவது மாதமே ஓய்ந்துவிடுகிறார்கள். மாதத்துக்கு ஒரு வெளிப்பயணம் போதும்.

2. நூலக அட்டை எடுங்கள், ஏற்கெனவே காசு கட்டியாயிற்று

சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், அதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு அதற்குப் போகிறது. 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின் ஏற்பாடு அது. வாடகை வீட்டில் இருந்தால் வாடகைக்குள்ளேயே அதையும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். மாதாமாதம் பாக்கெட்டிலிருந்து போகிற காசுக்குப் புத்தகம் எடுத்துப் படிக்காமல் இருப்பது, கல்யாண வீட்டில் மொய் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் வருவது மாதிரி.

முகவரிச் சான்று ஒன்றை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கிளை நூலகத்துக்குப் போங்கள். காப்புத்தொகை, ஆண்டுச் சந்தா எல்லாம் சேர்த்தாலும் ஒரு சினிமா டிக்கெட் விலைதான் வரும், காப்புத்தொகை பிறகு திரும்பவும் கிடைக்கும். உள்ளே போனால் முதலில் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் மேஜை முழுக்க உட்கார்ந்திருப்பார்கள், ஃபேன் ஒரு மாதிரி சத்தம் போடும், அலமாரியில் புத்தகம் வரிசை தப்பிக் கிடக்கும். அதனால் என்ன? நூலகரிடம் பேச்சுக் கொடுங்கள். "சார், ரொம்ப தடியா இல்லாம, நடந்த கதை மாதிரி ஏதாவது இருக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் யோசிக்காமல் நேராகக் கடைசி அலமாரிக்குப் போய், அட்டை பிய்ந்த ஒரு தன்வரலாற்றை எடுத்து வந்து கையில் கொடுத்தார். அந்த வருஷம் நான் படித்ததில் அதுதான் உருப்படி. நூலகத்துக்கென்று ஐந்து விதிகளை எழுதிய எஸ். ஆர். ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர். கணக்கு வாத்தியாராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும் என்பது அவருடைய விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை வீணாக்காதே என்பது இன்னொன்று. 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். இன்றைக்கு நாம் நடந்துபோக அலுத்துக்கொள்கிறோம்.

பெரிய நூலகங்களுக்கு ஒருநாள் சும்மாவாவது போய்ப் பாருங்கள். எழும்பூர் கன்னிமாரா 1896-இல் திறந்தது, நாட்டில் வெளியாகும் நூல்கள் சட்டப்படி வந்து சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் (2010) நம் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கவே தனிப் பகுதி உண்டு, வீட்டில் டிவி சத்தம் தாங்காதவர்களுக்கு அது சொர்க்கம். குழந்தைகள் பகுதியில் பிள்ளையை விட்டுவிட்டால் திரும்பக் கிளப்புவதுதான் கஷ்டம். மதுரைக்காரர்களுக்கு 2023-இல் நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்துவிட்டது.

3. எங்கே படிப்பது என்பதை முடிவு செய்யுங்கள்

என்ன படிப்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள், எங்கே படிப்பது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அது ரயில். தாம்பரத்திலிருந்து எழும்பூர் வரைக்கும் கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம். பல்லாவரம் வரைக்கும் நாலு பக்கம், கிண்டியில் கூட்டம் ஏறி இறங்கும்போது மூடி வைக்கவேண்டும், சைதாப்பேட்டை தாண்டினால் மறுபடி திறக்கலாம். உட்கார இடம் கிடைக்காத நாளில் ஒரு கையில் கைப்பிடி, மறு கையில் புத்தகம். அதனால் தடித்த புத்தகம் ரயிலுக்கு ஆகாது, சிறுகதைத் தொகுப்பும் கட்டுரையும்தான் ஒத்துவரும். நாவலை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பேருந்தில் படித்தால் தலை சுற்றுகிறவர்கள் மதிய உணவு இடைவேளையில் பதினைந்து நிமிஷம் ஒதுக்கலாம். கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு நான் அறிவுரை சொல்லமாட்டேன், அவர்கள் முதலில் தூங்கட்டும்.

பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் விடுவது பாவம் இல்லை. ஐம்பது பக்கம் பார்ப்பேன், ஒட்டவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். என் அம்மா வேறு மாதிரி. வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து, பைண்டிங் கடையில் கொடுத்துக் கட்டி வைத்துக்கொள்வார், நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனால் தெருவில் நாலு வீடு ஏறி இறங்கி வாங்கி வருவார். அந்தக் கட்டுகளில் கதையைவிட ஓரத்தில் வந்த எண்ணெய் விளம்பரங்கள்தான் இப்போது எனக்குச் சுவாரசியமாக இருக்கின்றன.

போனிலேயே படிப்பேன் என்றால் அதற்கும் வழி உண்டு. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணையதளத்தில் சங்க இலக்கியம் முதல் நாட்டுடைமையான நூல்கள் வரை இலவசமாகக் கிடைக்கும். ஈழத்து நூல்கள், பழைய இதழ்கள் வேண்டுமென்றால் 'நூலகம்' என்றே பெயர் கொண்ட திட்டத்தின் தளம். ஆனால் போனைக் கையில் எடுத்தால் இரண்டாவது பக்கத்திலேயே வாட்ஸப் வந்து கூப்பிடும் என்பது உங்களுக்கே தெரியும்.

4. வாங்குவது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் நான் நல்ல உதாரணம் இல்லை, படிக்காமல் வாங்கி வைத்தது ஒரு பீரோ நிறைய இருக்கிறது. 1977-இலிருந்து நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. முதல் நாள் போய் விலைப்பட்டியல் மட்டும் வாங்கி வாருங்கள், வீட்டில் உட்கார்ந்து டிக் அடியுங்கள், அப்புறம் ஒரு வார நாளில் மத்தியானம் போங்கள். ஞாயிறு சாயங்காலம் போனால் புத்தகத்தைவிட அடுத்தவர் முதுகைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். பழைய புத்தகத்துக்கு, 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்துபோனபிறகு கடைகள் மாறிப்போன சென்ட்ரல் பக்கத்து அல்லிக்குளம் வளாகம் இருக்கிறது. திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகளும் உண்டு. சொன்ன விலையில் பாதியில் ஆரம்பியுங்கள்.

5. படத்தை வியாழக்கிழமையே தேர்ந்தெடுங்கள்

சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்து "என்ன பார்க்கலாம்?" என்று ஆரம்பித்தால் பத்தே கால் வரைக்கும் ஓடிடியில் படங்களின் பெயரைத்தான் பார்ப்பீர்கள். பத்தரைக்கு ஆளுக்கொரு பக்கம் தூங்கப் போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் இப்போது முறை வைத்திருக்கிறோம். ஒரு வாரம் மனைவி, ஒரு வாரம் பையன், ஒரு வாரம் நான். வியாழக்கிழமை பெயரைச் சொல்லிவிடவேண்டும், மற்றவர்கள் முகம் சுளிக்கலாம், மாற்றச் சொல்லக்கூடாது. போன் எல்லாம் ஃப்ரிட்ஜ் மேல். இதில் கிடைத்த எதிர்பாராத லாபம், பையன் தேர்ந்தெடுத்த ஒரு ஜப்பானிய அனிமேஷன் படத்தில் நானும் மனைவியும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தோம், அவன் முறுக்கு தின்றுகொண்டிருந்தான்.

தியேட்டருக்கு என்றால் வார நாள் காட்சிதான் நல்லது, வெளியான மூன்றாவது நாள் போய் விசில் சத்தத்தில் பாதி வசனத்தை விடுவதற்குப் பதில் இரண்டாவது வாரம் போங்கள். (விசிலுக்காகவே போகிறவர்களும் உண்டு, அது தனி மதம், அதில் நான் தலையிடுவதில்லை.) வெளிநாட்டுப் படங்களுக்கு நுங்கம்பாக்கத்திலேயே அலியான்ஸ் பிரான்சேஸ் (பிரெஞ்சு), மாக்ஸ் முல்லர் பவன் (ஜெர்மன்) என்ற இரண்டு கலாசார மையங்களும் இருக்கின்றன, அவ்வப்போது இலவசமாகத் திரையிடுகிறார்கள். 2003-இலிருந்து நடக்கும் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு ஒரு பாஸ் எடுத்தால் அத்தனை நாளும் பார்க்கலாம், ஆனால் ஒரே நாளில் ஐந்து படம் பார்க்கிற வேலை வேண்டாம். நான் பார்த்தேன், மறுநாள் காலையில் எந்தக் கதாநாயகி எந்தப் படத்தில் செத்துப்போனாள் என்றே குழம்பிவிட்டது.

6. அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு அறை

1851-இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்தை ஒரே நாளில் முழுக்கப் பார்க்கிறேன் என்று போனால் திமிங்கில எலும்புக்கூட்டுக்கும் அமராவதிச் சிற்பத்துக்கும் நடுவில் எங்கோ கால் வலித்து உட்கார்ந்துவிடுவீர்கள். ஒரு தடவைக்கு ஒரு கூடம், அதில் இரண்டே இரண்டு பொருள்.

முதல் தடவை வெண்கலக் கூடத்துக்குப் போங்கள். திருவெண்காட்டிலிருந்து வந்த அர்த்தநாரீசுவரர் அங்கே இருக்கிறார், சோழர் காலத்தவர், பதினோராம் நூற்றாண்டு. குழந்தைகள் கூட இருந்தால் "எத்தனை கை, எண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் ஒன்று. மூன்று கை! அப்புறம் அவர்களே கண்டுபிடிப்பார்கள். வலத் தொடையில் துணி குட்டை, இடப்பக்கம் கணுக்கால் வரைக்கும். அந்தப் பக்கம் இடுப்பு வளைந்து தோள் இறங்கும், இந்தப் பக்கம் நிமிர்ந்து நிற்கும். இரண்டும் சேரும் நடுக்கோட்டைத் தேடினால் கிடைக்காது, சிற்பி அவ்வளவு நைசாகச் சேர்த்திருக்கிறான். பின்பக்கம் போய்ப் பார்க்க முடிந்தால் கட்டாயம் பாருங்கள். இரண்டாவது, திருவாலங்காட்டு நடராசர். இவரைப் படத்தில் பார்த்தே பிரெஞ்சுச் சிற்பி ரோடின் 1913-இல் உருகி உருகி எழுதினார். நமக்கு நேரிலேயே இருக்கிறார், கால் மணி நேரம் நிற்கலாம். அவ்வளவுதான், வெளியே வந்துவிடுங்கள். மீதி அடுத்த மாதம்.

7. ஒன்றும் தெரியாமல் கச்சேரி கேட்பது

"எனக்கு ராகம் தெரியாதே" என்று தயங்குகிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எனக்கும் தெரியாது. மார்கழியில் பெரும்பாலான சபாக்களில் மத்தியானக் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. வளரும் கலைஞர்கள் பாடுவார்கள், கூட்டம் இருக்காது, பின்வரிசையில் உட்கார்ந்தால் பிடிக்கவில்லை என்று நடுவில் எழுந்து போனாலும் யாரும் கேட்கமாட்டார்கள் (இரண்டு பாட்டுக்கு நடுவில் எழுந்திருங்கள், பாடும்போது வேண்டாம்). 1928-இல் தொடங்கிய மியூசிக் அகாடமியின் சாயங்காலக் கச்சேரிக்குத்தான் போவேன் என்று அடம்பிடித்து டிக்கெட் கிடைக்காமல் திரும்புவதைவிட இது மேல். தமிழ்ப் பாட்டுத்தான் வேண்டும் என்றால் பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்தில், 1943-இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் விழாவும் அதே சமயத்தில் நடக்கும். கடற்கரை ரயில் அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும்.

போவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று பழகிக்கொள்ளுங்கள், ஆதி தாளம். தொடையில் உள்ளங்கையால் ஒரு தட்டு. பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், ஒவ்வொன்றாக. பிறகு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு. மறுபடி தட்டு, வீச்சு. மொத்தம் எட்டு. வீட்டில் நாலு நாள் போட்டுப் பாருங்கள், அப்புறம் சபாவில் பக்கத்துச் சீட்டு மாமா போடுவதைப் பார்த்து அவர் தட்டுகிற இடத்தில் நீங்களும் தட்டுங்கள். உங்கள் கணக்குக்கு ஒத்துவரவில்லை என்றால் பதற வேண்டாம், அது வேறு தாளமாக இருக்கும், சும்மா கேளுங்கள். ஒத்துப்போனால், பாடகர் ஸ்வரத்தை எங்கெங்கோ கொண்டுபோய்க் கடைசியில் சரியாகப் பாட்டு தொடங்கும் இடத்தில் வந்து இறங்கும்போது உங்கள் கையும் அங்கே இறங்கும் பாருங்கள், அப்போது தெரியும் இவர்கள் எல்லாம் ஏன் மார்கழிக் குளிரில் மப்ளரோடு அலைகிறார்கள் என்று.

பெரிய பாட்டு முடிகிற சமயத்தில் தனி ஆவர்த்தனம் வரும். மிருதங்கமும், இருந்தால் கடமோ கஞ்சிராவோ சேர்ந்து, மாற்றி மாற்றி வாசிப்பார்கள். அரங்கில் பாதிப் பேர் அப்போதுதான் கேன்டீனுக்குக் கிளம்புவார்கள். ஒரு வருஷம் நான் மட்டும் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துப் பெரியவர் எழுந்துகொண்டே, "என்ன சார், வரலையா? அடை தீர்ந்துடும்" என்றார். அடை நல்லதுதான், ஆனால் உட்கார்ந்திருங்கள். ஒருவர் நீளமாக வாசிப்பார், அடுத்தவர் பதில் சொல்வார், போகப் போக அளவு குறைந்து குறைந்து கடைசியில் ஒரு தட்டுக்கு ஒரு தட்டு என்று ஆகிவிடும், பிறகு இருவரும் சேர்ந்து ஒரே கோர்வையை மூன்று தடவை வாசித்து முடிப்பார்கள். மூன்று என்று தெரிந்துகொண்டாலே போதும், எண்ணிக்கொண்டே கேட்கலாம், மூன்றாவது முடியும் இடத்தில் பாடகர் பாட்டை மறுபடி எடுப்பார். அடை அதற்கப்புறமும் இருந்தது.

8. வருஷத்துக்கு ஒரு ராத்திரி, கூத்து

திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா வந்தால் மத்தியானம் பாரதப் பிரசங்கம், ராத்திரி தெருக்கூத்து என்று நாள்கணக்கில் நடக்கும். தேதி எந்த அரசு அறிவிப்பிலும் வராது, அந்தப் பக்கத்து ஆட்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் ஆபீஸில் செய்யாறு, வந்தவாசிக்காரர் ஒருவராவது இருப்பார். அவரிடம் "உங்க ஊர்ல எப்ப பாரதம்?" என்று கேளுங்கள். பாதிப் பேர் வீட்டிலேயே தங்கச் சொல்லிக் கூப்பிட்டுவிடுவார்கள்.

ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். முகவீணையும் மத்தளமும் ஆர்மோனியப் பெட்டியும் ஆரம்பித்து, கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வந்து ஊர்த் தலைவர் முதல் டீக்கடைக்காரர் வரை ஒருவர் விடாமல் கிண்டல் செய்து முடித்தபிறகு, இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொண்டு வருவார்கள். திரைக்குப் பின்னால் வேடக்காரர் நிற்கிறார், கிரீடத்தின் உச்சி மட்டும் தெரியும், உள்ளேயிருந்தே பாடுவார், சலங்கைச் சத்தம் கேட்கும், ஆள் வரமாட்டார். அந்தக் காத்திருப்பைச் சினிமாவில் எந்தக் கதாநாயகன் அறிமுகக் காட்சியும் தொட்டதில்லை என்பது என் கட்சி. கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கை மரத்தில் செய்தவை, அதனால்தான் அவ்வளவு பெரிதாக இருந்தும் அதைக் கட்டிக்கொண்டு சுழன்று ஆட முடிகிறது. வேஷம் போடும் இடத்தை முன்னாலேயே எட்டிப் பார்த்து, கேட்டுக்கொண்டு, ஓரமாக உட்காருங்கள். முகத்தில் அரிதாரம் ஏற ஏற, சாயங்காலம் நம்மிடம் தீப்பெட்டி கேட்ட ஆள் கண் எதிரே துரியோதனனாக மாறிவிடுவார்.

முடிந்தால் கடைசி நாள் போங்கள், படுகளம். மைதானத்தில் மண்ணால் துரியோதனன் படுத்த உருவம் செய்திருப்பார்கள், அவ்வளவு நீளம், ஒரு பக்கம் நின்றால் மறுபக்கத்துச் சத்தம் சரியாகக் கேட்காது. விடிந்தபிறகு வீமன் வேடக்காரரும் துரியோதனன் வேடக்காரரும் அதைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள், ஊரே கூட ஓடும், கடைசியில் தொடை பிளந்து திரௌபதி கூந்தல் முடிவாள். எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஒரு பாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். வருஷா வருஷம் பார்க்கிறார், கதை அவருக்குத் தெரியும்.

எடுத்துப்போக வேண்டியவை: உட்காரப் பாய் அல்லது பழைய பெட்ஷீட், தண்ணீர், கொசுவுக்கு ஏதாவது. சில்லறையும் வேண்டும், கூத்துக்காரர்களுக்கு அன்பளிப்புக் கொடுத்தால் உங்கள் பேரைச் சொல்லி வாழ்த்துவார்கள், அதற்கு வெட்கப்படக்கூடாது. செல்போன் விளக்கை வேடக்காரர் முகத்தில் அடிக்காதீர்கள். மறுநாள் லீவை முன்னாலேயே சொல்லிவையுங்கள். திரும்பும் பேருந்தில் ஜன்னலோரச் சீட்டைப் பையனுக்கு விட்டுக்கொடுத்துவிடாதீர்கள், அவன் எப்படியும் உங்கள் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவான், உங்களுக்குச் சாய ஜன்னல்தான் இருக்கிறது.